ஐந்தாம் ஸ்தலத்தின் கீழே

பூசைக்குப் போனால் நான் காதுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசி வரிசை வாங்கில் உட்காருகிறவளுக்கு வேறெதுவும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. தோடு இழுத்து நீண்டுபோன காது, கண்ணாடிக் காம்பு அழுத்தித் தழும்பான காது, பின்னாலிருந்து வெயில் பட்டதும் செம்பருத்தி இதழ்போலச் சிவக்கிற சிறு பிள்ளையின் காது. ஃபாதர் சுவிசேஷம் வாசிக்கத் தொடங்கும்போது கவனமாகத்தான் இருப்பேன். "அக்காலத்தில் இயேசு" என்பது வரை கேட்கும். பிறகு எனக்கு முன்னால் இருப்பவரின் காதுமடலுக்குக் கீழே விழும் நிழல் நீலமா, ஊதாவா என்ற யோசனை வந்துவிடும். அதற்கு ஒரு முடிவு கிடைக்கும்போது எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அப்போது அம்மா பக்கத்திலிருந்து தொடையில் கிள்ளுவார். கிள்ளிய இடம் முதலில் வெளுத்து, பிறகு சிவந்து, புதன்கிழமையளவில் மஞ்சளாகும். அந்த மஞ்சளையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அம்மாவிடம் சொன்னதில்லை.

படம் வரைவதுதான் என் தொழில். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. நாலாம் மாடி ஃப்ளாட். முன்னறையில் என் கணவர் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறார். குசினிக்குப் பின்னாலுள்ள பல்கனியில் நான் வரைகிறேன். கடற்கரை ரயில் போகும்போது பிரஷ்கள் நிற்கிற கண்ணாடிப் போத்தல் கிணுகிணுக்கும். முன்னறையில் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் விடை சொல்வார்கள். கீழே மீன்காரர் கத்துவார். இவை ஒன்றும் என் காதில் ஏறுவதில்லை. சத்தத்தில் வேலை செய்யப் பழகியவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை இருந்தது.

வெள்ளவத்தையிலும் கோயில் இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் பிடித்து கொட்டாஞ்சேனைக்குத்தான் போவேன். என் கணவர் யாழ்ப்பாணத்துச் சைவர். கோயிலுக்குள் வரமாட்டார், காலி வீதி பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிடுவார். "இஞ்சை பக்கத்திலை இருக்கிற கோயிலிலையும் அதே பூசைதானே?" என்று ஒருநாள் கேட்டார். பூசை அதேதான், ஆனால் அங்கே எனக்கு ஒரு காதையும் தெரியாது என்று சொன்னேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் வாசகங்கள் அச்சடித்த ஒரு தாள் தருவார்கள். அதன் பின்பக்கம் பாதி வெறுமையாக இருக்கும். பிரசங்கம் நீளுகிற நாட்களில் அந்த வெற்றிடத்தில் பேனையால் ஏதாவது கீறுவேன். குனிந்திருப்பதால், பார்க்கிறவர்களுக்கு நான் செபிக்கிற மாதிரித் தெரியும். ஒரு ஜனவரி மாத ஞாயிறு, பிரசங்கம் சொல்லிக்கொண்டிருந்த ஃபாதரையே வரைந்துவிட்டேன். ஒரு கையை உயர்த்தி மன்னிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே மற்றக் கையால் கழுத்தில் கடித்த நுளம்பை அடித்த நிமிடம். நன்றாக வந்திருந்தது. வரைந்ததை வாங்கிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, கோயிலைக் கூட்டித் துடைக்கிற அக்கா வந்து, "ஃபாதர் உங்கள கூப்பிடுறாரு" என்றார். அவர் முகத்திலிருந்த சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

ஃபாதருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"இது நீங்க வரைஞ்சதா?"

"ஓம் ஃபாதர்."

"நான் பிரசங்கம் சொல்றப்பவா?"

ஐம்பது வயதில் தொடையில் கிள்ளு வாங்கப்போகிறவள்போல நின்றேன். அவர் தன் நாடிக்குக் கீழே தொங்குகிற சதையைத் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவா இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு ஃபாதர். குறைச்சுத்தான் வரைஞ்சேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு எழுந்து என்னைக் கோயிலின் இடது பக்கச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே சிலுவைப் பாதையின் பதினான்கு படங்களில் ஐந்தாம் ஸ்தலம் இருந்தது. வழியில் வந்த சீமோன் என்ற மனிதரை வீரர்கள் பிடித்து இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைக்கிற படம். போன வருடத்து மழைக்குக் கூரைப் பீலி அடைத்து, தண்ணீர் சுவரோடு இறங்கியிருந்தது. கூரையைத் திருத்திவிட்டார்கள், படம் போய்விட்டது. இயேசு பெரும்பாலும் தப்பியிருந்தார். சீமோனுக்குத் தலையிலிருந்து கணுக்கால் வரைக்கும் பூஞ்சணம் பிடித்து வர்ணம் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. இரண்டு பாதங்களும் சிலுவை மரத்தைத் தொடுகிற ஒரு கையும் மட்டும் மிச்சம்.

"பலகையோட சுவருக்குள்ள சீமெந்து வச்சுப் பூசியிருக்கு. கழட்டினா வெடிச்சிரும் எண்டு தச்சு வேலைக்காரர் சொல்றாரு. இங்கயே வச்சு வரைய ஏலுமா? தவக்காலத்து முதல் வெள்ளிக்கு முன்ன முடிஞ்சா நல்லம்."

ஏலும் என்றேன். கிழமை நாட்களில் கோயில் எவ்வளவு அமைதியாக இருக்கும், பல்கனியைவிட எவ்வளவு நல்ல வெளிச்சம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தினமும் காலை பத்து மணிக்கு வந்து ஒரு மணி வரைக்கும் வேலை செய்வதென்று ஏற்பாடு. ஒரு மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஸ்டூல் வைத்து ஏறி உட்கார்ந்தேன். முதல் கிழமை முழுவதும் பூஞ்சணத்தைச் சுரண்டி, பலகையைக் காயவிட்டு, வெள்ளை அடிப்பூச்சு போடுவதிலேயே போனது. அந்தக் கிழமையிலேயே கோயில் அமைதியான இடம் என்ற நினைப்பும் போய்விட்டது. மெழுகுதிரி கொளுத்த வருகிறவர்கள் ஒவ்வொருவரும் மேசைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். "யேசுவ இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்குங்க மிஸ்" என்றார் ஒருவர். ஒரு தாய் தன் கைக்குழந்தையைத் தூக்கி, புது வர்ணத்தைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட முடியுமா என்று கேட்டார். கூட்டுகிற அக்கா மணிக்கொரு தரம் வந்து, "இண்டைக்கு மூஞ்சி வருமா?" என்பார். இதெல்லாம் எனக்குச் சமாளிக்கக்கூடியதாகத்தான் இருந்தது. ஆம் இல்லை என்று இரண்டு சொல் சொன்னால் போய்விடுவார்கள்.

இரண்டாம் கிழமை ஒரு பெரியவர் வந்தார். அல்லது முன்பும் வந்துகொண்டிருந்திருப்பார், நான் பிந்தித்தான் கவனித்தேன். பத்தரை மணிக்குப் பக்கவாசலால் வந்து, நான் இருந்த சுவர்ப்பக்கம் மூன்றாம் வாங்கில் முழங்காலில் நிற்பார். அறுபது கடந்த மனிதர். கட்டையான, அகலமான உடம்பு. மடிப்புக் கலையாத சேர்ட். செபமாலையை எடுத்துத் தொடங்குவார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். மீன் சந்தையில் ஏலம் கூறுகிறவர்கூட அவ்வளவு சத்தம் போடத் தேவையில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று அவர் ஆரம்பித்தால் என் பிரஷ் துள்ளும்.

செபமாலையை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அது முடிந்த பிறகு வருவதுதான் பொறுக்க முடியாதது. அவர் கடவுளோடு கதைக்கத் தொடங்குவார். அதே குரலில்.

"ஆண்டவரே, ராத்திரி அவளுக்குத் திரும்பவும் மூச்சு இழுத்துச்சு. மூணு தரம் எழும்பி உக்காந்தா. விடியக்காலமதான் கண் அசந்தா. காலைல ரெண்டு இடியாப்பம் சாப்பிட்டா, சொதியோட. மூணாவது வச்சேன், வேணாம் எண்டா. மருந்துக் குளிசை குடிச்சாளா தெரியல, குடிச்சேன் எண்டுதான் சொல்றா. கிளினிக்குக்கு வரச்சொன்னாங்க, படியிறங்க ஏலாதெண்டு அழுறா. நீங்கதான் பாத்துக்கணும்."

காற்றாடிகூட ஓடாத கோயிலில் அது சுவருக்குச் சுவர் போய் வந்தது. அவருடைய மனைவி நேற்று என்ன சாப்பிட்டார், எத்தனை முறை இருமினார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவருடைய வீட்டுப் படுக்கையறைக்குள் கேட்காமல் போய் நிற்கிறவள்போலக் கூச்சமாக இருந்தது. அந்த நாட்களில்தான் நான் சீமோனின் தோளை வரையத் தொடங்கியிருந்தேன். தோளிலிருந்து கைக்குப் போகிற அந்த ஒரு கோடு வரவே இல்லை. வீட்டில் ரயிலையும் இருபது பிள்ளைகளையும் கேட்காத காது, இங்கே இடியாப்பக் கணக்கை ஒன்றுவிடாமல் கேட்டது.

நாலாம் நாள் அந்தக் கோட்டை ஆறாவது தரமாக அழித்துவிட்டு மேசையிலிருந்து இறங்கினேன்.

"ஐயா, கொஞ்சம் மெதுவா செபிக்கிறீங்களா?"

அவர் கண்ணை மூடியிருந்தார். கேட்கவில்லை. நான் வாங்கின் முனையில் தட்டினேன். கண்ணைத் திறந்தார். திரும்பச் சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்தார். இன்னும் சத்தமாக, எரிச்சலோடு சொன்னேன்:

"நீங்க சொல்றதெல்லாம் எனக்குக் கேக்குது. வேலை செய்ய ஏலாம இருக்கு."

முகம் மெல்ல மெல்ல மாறியது. முதலில் விளங்காத பார்வை, பிறகு விளங்கியது. நான் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நிறம் வந்து போவதை முன்பு பார்த்ததில்லை.

"எல்லாம் கேட்டுச்சா?" என்றார்.

"ஓம்."

"மன்னிச்சுக்கங்க மிஸ்."

செபமாலையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பக்கவாசலில் ஒரு முறை பீடத்தைத் திரும்பிப் பார்த்து, முழங்கால் மடித்து வணங்கிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் பல்கனியில் பிரஷ் கழுவிக்கொண்டு என் கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு பிள்ளையின் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப நீர் அவரை ஏசிட்டீரோ?"

"ஏசல. மெதுவா செபிக்கச் சொன்னேன்."

"கோயிலிலை வந்து செபிக்கிற மனுசனைச் செபிக்க வேண்டாமெண்டு சொன்னனீர்."

"மெதுவா எண்டுதான் சொன்னேன்!"

"ஓம், ஓம். அப்பிடித்தான் சொல்லியிருப்பீர்" என்றார், சிவப்புப் பேனையை மூடிக்கொண்டு.

அடுத்த நாள் அந்தப் பெரியவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பத்தரை மணியானால் பக்கவாசல் பக்கம் என் தலை தானாகத் திரும்பியது. கோயில் நான் கேட்ட மாதிரியே அமைதியாக இருந்தது. தோளுக்கும் கைக்கும் இடையிலான கோடு அந்த அமைதியிலும் வரவில்லை. கோயில் அலுவலகத்தில் ஒரு பழைய மங்கலான புகைப்படம் கிடைத்திருந்தது. யாரோ ஒருவருடைய கல்யாணப் படத்தில் பின்னால் ஐந்தாம் ஸ்தலம் விழுந்திருந்தது. அதைப் பார்த்து அப்படியே வரைந்தேன். சீமோன் வானத்தைப் பார்த்தபடி, சிலுவையில் கை வைத்து நின்றார். சரியாகத்தான் இருந்தது, ஆனால் உயிரில்லாமல் கிடந்தது.

ஐந்தாம் நாள் கூட்டுகிற அக்காவிடம் கேட்டேன்.

"ஓ, அவரா? காது கேக்காது மிஸ். துறைமுகத்துல முப்பது வருசத்துக்கு மேல வேலை. அந்த மெஷின் சத்தத்துல காது போயிருச்சு. தான் மெதுவாத்தான் சொல்றேன் எண்டு நினைச்சுக்கிட்டு இருக்காரு. நாங்க யாரும் சொல்றதில்ல."

நாங்க யாரும் சொல்றதில்ல. எத்தனை வருடமாக இந்தக் கோயிலில் எத்தனை பேர் அந்த இடியாப்பத்தைக் கேட்டுக்கொண்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் பேசாமல் போயிருக்கிறார்கள். நான்தான் போய், ஆண்டவருக்கு மட்டும் சொன்னதாக நீங்கள் நினைத்ததெல்லாம் ஊருக்கே கேட்கிறது என்று அந்த மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று ஒரு மணிக்குப் பிறகு வெள்ளவத்தை பஸ் எடுக்கவில்லை. அக்கா வழி சொல்ல, ஜிந்துப்பிட்டிப் பக்கம் நடந்தேன்.

ஒடுக்கமான ஒழுங்கை. இரண்டு மாடி வீடு, மேல்மாடிக்குச் செங்குத்தான மரப்படி. கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் தலையணைகளை அடுக்கி, அவற்றில் சாய்ந்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மெலிந்த முகம். கையில் மூச்சுக்கு இழுக்கிற பம்ப்.

"அவரு கடைக்குப் போயிருக்காரு. நீங்க யாரு?"

கோயிலில் படம் வரைகிறவள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அது."

உட்காரச் சொல்லவில்லை. பிறகு கையால் கதிரையைக் காட்டினார். நான் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி, தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். அவர் இடையிடையே நின்று நின்று மூச்சு வாங்கிப் பேசினார்.

"இப்ப வீட்டிலயே இருந்து மனசுக்குள்ள சொல்றாரு. மனசுக்குள்ள சொன்னா சொன்ன மாதிரியே இல்லையாம். யாருக்கோ கடிதம் எழுதிப் போடாம வச்சிருக்கிற மாதிரி இருக்காம். இத்தனை வருசத்துல அதை மட்டும்தான் எங்கிட்ட சொன்னாரு." பம்ப்பை மடியில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிஸ், ஒண்டு கேக்கட்டா? அங்க என்னைப் பத்தி என்ன சொல்றாரு?"

நான் திகைத்துப்போனேன்.

"வீட்டில ஒண்டும் பேசமாட்டாரு. காது கேக்காதவரோட என்ன பேசுறது? நான் சொல்றது அவருக்குக் கேக்காது, அவரு சொல்றதுக்கு ஒண்டுமில்ல. சாப்பாடு வைப்பாரு, குளிசை எடுத்துத் தருவாரு, அவ்வளவுதான். கோயில்ல பெரிசா பேசுறாரு எண்டு எல்லாருக்கும் தெரியும். என்ன பேசுறாரு எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்றதில்ல."

மற்றவருடைய செபத்தைத் திருப்பிச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று வரைக்கும் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நீங்க ரெண்டு இடியாப்பம் சாப்பிட்டீங்க எண்டு ஆண்டவருக்குச் சொன்னாரு. மூணாவது வச்சாராம், நீங்க வேணாம் எண்டீங்களாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் வந்து, நான் பயந்துபோய் எழுந்து முதுகைத் தடவினேன். பம்ப்பை இழுத்துக் கொஞ்சம் ஆறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணாவது ஆறிப்போயிருந்துச்சு மிஸ். அதுதான் வேணாம் எண்டேன். அதைச் சொன்னாரா?" என்றார்.

"அதைச் சொல்லல."

"சொல்லமாட்டாரு."

படியில் காலடி கேட்டது. பாண் பொதியோடு வந்தவர், என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் எழுந்து மன்னிப்புக் கேட்டேன். கேட்கவில்லை. உரத்துக் கேட்டேன். காதுக்குப் பின்னால் கையை வைத்தார். கடைசியில் ஒழுங்கை முழுவதும் கேட்க, "நான் செய்தது பிழை! நீங்க திரும்ப வரணும்!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் எட்டிப்பார்த்தன. கட்டிலில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் நின்றவருக்கு விளங்கியது. பாண் பொதியை மேசையில் வைத்து, ஒரு துண்டை எனக்கும் வெட்டினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பத்தரைக்கு வந்தார். வழக்கமான வாங்கில் முழங்காலிட்டு, கைலேஞ்சியை வாயில் பொத்திக்கொண்டு செபமாலை சொன்னார். அப்படியும் கேட்டது. நான் இறங்கிப் போய், வரைகிற தாளில் பெரிய எழுத்தில், "வழமைபோலச் சொல்லுங்க. எனக்குப் பிரச்சினை இல்லை" என்று எழுதிக் காட்டினேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"உங்களுக்குக் கேக்குமே."

நான் கீழே எழுதினேன்: "எனக்குக் கேட்டால் என்ன?"

அவர் அதையும் வாசித்தார். கைலேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார். திரும்பி நடக்கிறபோது என் படத்தை நிமிர்ந்து பார்த்து நின்றுவிட்டார். நீண்ட நேரம் பார்த்தார். நல்லது என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன்.

"இவரு தூக்கல மிஸ்" என்றார். "தொட்டுக்கிட்டு நிக்கிறாரு."

நான் அந்தப் பழைய புகைப்படத்தை எடுத்துக் காட்டினேன். பழைய படத்திலும் இப்படித்தான் இருந்தது என்று சைகையால் சொன்னேன்.

"அப்ப அதை வரைஞ்சவரும் பாரம் தூக்கினதில்ல."

சுவரில் சாத்தியிருந்த மர ஏணியை அவர் போய் எடுத்தார். கோயில் விளக்குகளை மாற்றுகிற கனமான ஏணி, இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்குவார்கள். தடுப்பதற்குள் ஒரு முனையைத் தோளில் ஏற்றிவிட்டார். மற்ற முனை தரையில் இழுபட்டது.

"பாரம் ஏறினா கழுத்து முன்னுக்கு வரும். பாருங்க. கண்ணு தரையில. வானத்தைப் பாத்தா விழுந்திருவோம். இந்தக் கை பிடிக்கும், மத்தக் கை இடுப்புக்கு வந்திரும், முட்டுக் கொடுக்க. சிரிச்ச முகமா இருக்க ஏலாது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அதோட, இவரு தானா வரலையே. வேலைக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தவர வழியில பிடிச்சாங்க. அவருக்குக் கோவம் இருந்திருக்கும்" என்றார்.

"இருங்க, இருங்க, இறக்காதீங்க!" என்று நான் கத்திக்கொண்டே பென்சிலைத் தேடினேன். கூட்டுகிற அக்கா ஓடிவந்து ஏணியின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டார். மூன்று நிமிடம் இருக்கும். எட்டுக் கோடுகள். தோளிலிருந்து கைக்குப் போகிற கோடு அதில் இருந்தது.

அன்றே பழைய சீமோனைத் துடைத்தேன். புதியவர் குனிந்து, பல்லைக் கடித்து, தரையைப் பார்த்து நடந்தார். பத்து நாளில் முடித்தேன். அந்தப் பத்து நாளும் பின்னால் செபமாலை ஓடியது. இரவு மனைவி எத்தனை முறை எழும்பினார், காலையில் என்ன சாப்பிட்டார் என்பதெல்லாம் வந்தது. என் காது அதை இப்போதும் கேட்டது. ஆனால் கை நிற்கவில்லை. ஒருநாள் "நேத்து நல்லா தூங்கினா ஆண்டவரே, நன்றி" என்று கேட்டபோது, நானும் மேசைமேல் இருந்தபடியே நன்றி என்றேன். பூசை நேரத்தில் காதுகளைப் பார்க்கிற நான் அன்று செபித்தேனா, வேலை செய்தேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தவக்காலத்து முதல் வெள்ளி, சிலுவைப் பாதைக்குக் கோயில் நிறைந்திருந்தது. என் கணவரும் வந்து பின்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஐந்தாம் ஸ்தலத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முடிந்த பிறகு பங்குச் சபையைச் சேர்ந்த ஒருவர் ஃபாதரிடம் போய், "சீமோன் கோவமா இருக்காரே ஃபாதர், பழைய படத்துல எவ்வளவு பக்தியா இருந்தாரு" என்றார்.

"வழியில பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்த மனிசன் சிரிச்சுக்கிட்டா வருவாரு?" என்றார் ஃபாதர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முழுவதுமாக முடிந்ததென்று சொல்லமுடியாது. இப்போதும் ஒன்றிரண்டு பேர் என்னிடம் அந்த முகத்தைக் கொஞ்சம் சாந்தமாக்க முடியாதா என்று கேட்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். கொள்ளுப்பிட்டி தாண்டிய பிறகு, "நீர் மனுசரைப் பார்க்க மட்டும்தான் செய்யிறனீர் எண்டு நினைச்சனான். கேட்டும் இருக்கிறீர்" என்றார்.

எண்ணெய் வர்ணம் முழுதாகக் காய மாதங்கள் எடுக்கும். வார்னிஷ் பூச மறுபடி போனபோது வருடத்தின் பாதி தாண்டிவிட்டது. மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணிக்கு வெளியே ஒரு த்ரீவீல் வந்து நின்றது. பக்கவாசலில் அவர் பின்பக்கமாக நடந்து வந்தார், இரண்டு கைகளையும் நீட்டியபடி. அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, அடிக்கு ஒரு தரம் நின்று, அவருடைய மனைவி வந்தார். மருந்து மாற்றியதில் கொஞ்சம் தேறியிருப்பதாக நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டது, முந்தின நாள் பலகையைத் துடைக்க வந்தபோது கேட்ட அவருடைய செபத்திலிருந்துதான். மரப்படியை எப்படி இறங்கினார் என்று தெரியாது.

மனைவி ஐந்தாம் ஸ்தலத்தின் கீழே நின்று பார்த்தார்.

"இவரு மாதிரி எண்டு சொன்னாரு. இவருக்கு இவ்வளவு முடி ஏது?" என்றார்.

பிறகு இருவரும் மூன்றாம் வாங்கில் போய் உட்கார்ந்தார்கள். அவர் செபமாலையை முடித்தார். நான் பிரஷ்ஷை ஓசைப்படாமல் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

"ஆண்டவரே, இண்டைக்கு இவளையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். படியிறங்க அரை மணித்தியாலம் ஆச்சு. பயந்துக்கிட்டே இறங்கினா. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, நான் காட்டிக்கல. ராத்திரி ரெண்டு தரம்தான் எழும்பினா. நேத்து குளிசை குடிக்கல எண்டு நினைக்கிறேன். நீங்கதான் சொல்லணும் இவளுக்கு."

பக்கத்தில் இருந்தவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். குளிசை என்றதும் திரும்பி அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் கண்ணைத் திறக்கவில்லை. மனைவி என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்படியா தினமும்?" என்றார்.

"ஓம். தினமும்."

அவர் பீடத்தின் பக்கம் திரும்பினார். தன் மெலிந்த குரலில், மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்: "குடிச்சேன் ஆண்டவரே. ரெண்டு குளிசையும் குடிச்சேன். இவரு சொல்றத நம்பாதீங்க."

கண்ணை மூடியிருந்தவருக்கு அது கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே கிளினிக் விஷயத்துக்குப் போயிருந்தார்.